எண்பத்து மூன்றாவது கேள்வி

முதல் முறை எழுதியபோது ஷஹீன் பானுவின் வேதியியல் விடைத்தாளை யாரும் திருத்தவே இல்லை.

அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு முதுகலை ஆசிரியர்களை எடுக்கும் தேர்வு அது. பாடத்தோடு சேர்த்துத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புத் தரத்தில் முப்பது கேள்விகள். அதில் பன்னிரண்டு சரியாக இருந்தால்தான் பாடத்தின் விடைத்தாளைத் தொடுவார்கள். ஷஹீனுக்குப் பதினொன்று. வெளியான விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு வேதியியல் தாளைத் தானே திருத்திப் பார்த்தாள். நூற்றைம்பதில் நூற்றுக்கு மேல் வந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மேல்விஷாரத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே வேலையும் பார்ப்பவள். வயது முப்பத்து நான்கு. பத்தாவது வரை உருது மீடியம், பிறகு எம்.எஸ்சி., பி.எட். வரை ஆங்கிலம். ஒன்பது வருடமாக ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். தோல் ஊறிய குரோம் தண்ணீரில் இன்னும் எவ்வளவு குரோமியம் மிச்சம் இருக்கிறது என்று டைட்ரேஷன் செய்து எழுதித் தருவது அவள் வேலை. கடையிலும் பஸ்ஸிலும் அவள் பேசும் தமிழைக் கேட்டால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. தாளில் பார்த்தால்தான் தடுமாற்றம். எந்த 'ர', எந்த 'ல' என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போவாள். இலக்கணக் குறிப்பு என்று கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிடுவாள்.

பி.எட். படிக்கும்போது நாற்பது நாள் ஒரு அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியிருந்தாள். உப்பு கரைகிறது, மணல் ஏன் கரைவதில்லை என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே அன்றைய வகுப்பு முழுதும் போயிற்று. அந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. ஆய்வகத்தில் எவ்வளவு என்று கேட்பார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"இன்னொரு தடவை எழுது" என்றான் கணவன் தபரேஸ். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். வீட்டில் உருதுதான் பேசுவார்கள். "கெமிஸ்ட்ரியை மூட்டைகட்டி வை. தமிழ் மட்டும் படி."

அப்படித்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் மைய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் உட்காரும் நீள மேசையில், எல்லோரும் தடித்தடி புத்தகங்களோடு இருக்க, இவள் மட்டும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்திருந்தாள். எதிரில் இருந்த பெண் இரண்டு வாரம் பார்த்துவிட்டு மூன்றாவது வாரம் கேட்டாள்.

"அக்கா, நீங்க எந்த சப்ஜெக்ட்?"

"கெமிஸ்ட்ரி."

"நானும்தான்க்கா. அப்புறம் இன்னா, தமிழ் புக்கே வச்சினு இருக்கீங்க?"

ஷஹீன் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எனக்கு நேர் ஆப்போசிட்க்கா" என்றாள். "தமிழ்ல இருபத்தாறு வரும். கெமிஸ்ட்ரியில எண்பதைத் தாண்ட மாட்டேங்குது."

அவள் பெயர் முத்துமாரி. ஆலங்காயத்துக்காரி, இருபத்தொன்பது வயது. ஆம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். மூன்றாவது முறையாக எழுதப்போகிறாள். "இதோட முடிச்சுக்கோ, இதுக்கு மேல மாப்ள வீட்டுக்காரங்கள நிக்க வைக்க முடியாது" என்று அண்ணன் சொல்லிவிட்டானாம்.

அன்றிலிருந்து ஞாயிறு இரண்டாகப் பிரிந்தது. காலையில் முத்துமாரி தமிழ் சொல்லிக்கொடுப்பாள், மத்தியானம் ஷஹீன் வேதியியல் நடத்துவாள். நூலகத்தில் சத்தமாகப் பேசக் கூடாது என்பதால் வெளியே வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

வினைத்தொகை ஷஹீனுக்கு மூன்று வாரம் பிடிபடவே இல்லை.

"ஊறுகாய்னு எடுத்துக்கோங்க. நேத்து ஊறின காயும் ஊறுகாய்தான், இப்ப ஊறிட்டு இருக்கறதும் ஊறுகாய்தான், நாளைக்கு ஊறப்போறதும் ஊறுகாய்தான். மூணு காலமும் அந்த 'ஊறு'க்குள்ளயே ஒளிஞ்சினு இருக்கு."

ஷஹீன் நோட்டில் 'ஊறு' என்று எழுதிப் பார்த்தாள். "எது ஒண்ணுன்னும் சொல்ல முடியாது, மூணும் சேந்துதான் அது. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"அப்போ கெமிஸ்ட்ரியில வர்ற ரெசனன்ஸ் மாதிரின்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவள் வினைத்தொகையைத் தவறவிட்டதில்லை.

முத்துமாரியின் சிக்கல் வேறு. அவளிடம் ஆறு கைடு இருந்தன, ஆறும் மனப்பாடம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் நின்றுவிடுவாள். ஷஹீன் அவளுக்கு எதையும் கண்ணால் காட்டிவிடப் பார்த்தாள். ஒரு வாரம் தொழிற்சாலையிலிருந்து வெளிர்நீலத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, கொதிநீரில் போட்டாலும் இது ஏன் சுருங்குவதில்லை என்று குரோமியம் தோலின் நார்களோடு கைகோக்கும் விதத்தை விளக்கினாள். இன்னொரு வாரம் செல்போனில் எடுத்த வீடியோ. குரோம் படிகாரத்தைக் குளிர்ந்த நீரில் கரைத்தால் ஊதா. அதையே சூடாக்கினால், குரோமியத்தைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளில் சில விலகி சல்பேட் அந்த இடத்துக்கு வர, கரைசல் பச்சையாக மாறும். முகவையில் நிறம் மாறும் அந்த இடத்தை முத்துமாரி நான்கு தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

"கைடுல குரோம் படிகாரம் ஊதான்னு மட்டும்தான் போட்டிருக்கான்."

"படிகம் ஊதாதான். சூடு பண்ணிப் பாத்திருக்க மாட்டான்" என்றாள் ஷஹீன்.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. இருவருக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவு வேறு. ஒருத்திக்குக் கிடைக்கும் இடம் இன்னொருத்தியிடமிருந்து பறித்தது ஆகாது. இதை ஒரு நாள் முத்துமாரிதான் சொன்னாள். இரண்டு பேருக்கும் அது நிம்மதியாக இருந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் ஷஹீன் முதலில் சொன்னது, "தமிழ் பாஸ் பண்ணிடுவேன் மாரி" என்பதுதான்.

மூன்று வாரம் கழித்துத் தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. ஷஹீனுக்குத் தமிழில் இருபத்தொன்று. வேதியியல் தாளில் நூற்றொன்று. போனில் கேட்டபோது முத்துமாரிக்குத் தொண்ணூற்றெட்டு வந்திருந்தது. இவ்வளவு அவள் இதுவரை வாங்கியதே இல்லை.

மறுநாள் ஆய்வகத்தில் வேலை இல்லாத நேரத்தில் ஷஹீன் தான் தவறவிட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எண்பத்து மூன்றாவது கேள்வியில் நின்றாள். குரோம் படிகாரத்தின் நீர்க்கரைசலைச் சூடாக்கும்போது அதன் நிறம் என்ன? அவள் பச்சை என்று குறித்திருந்தாள். விடைக்குறிப்பில் ஊதா.

சிரிப்புதான் வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் உண்டு. கைடு, நோட்ஸ் எதுவும் செல்லாது. பாடநூல் பக்கத்தைத்தான் ஆதாரமாகப் பதிவேற்ற வேண்டும். அந்தப் பக்கம் எது என்றுகூட அவளுக்குத் தெரியும். சாயங்காலமே போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பேச்சுக்கு முத்துமாரிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள், எண்பத்து மூணு நீ என்ன போட்டே?

"ஊதாக்கா" என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

அதற்குப் பிறகு ஷஹீன் நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. இந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டால் தனக்கு ஒன்று கூடும், முத்துமாரிக்கு ஒன்று குறையும். தொண்ணூற்றெட்டு போதுமா, தொண்ணூற்றேழு போதுமா, யாருக்கும் தெரியாது. தனக்கே நூற்றொன்று போதுமா என்று தெரியாது. தபரேஸிடம் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ எழுதினது சரி. சரின்னு சொல்லப்போறே. அவ்வளவுதானே?"

"அவ அழுதுடுவா."

"நீ போடாம விட்டு, ஒரு மார்க்கில உனக்குப் போச்சுன்னா?"

கேள்வித்தாளைப் பார்க்கும்போதெல்லாம் பச்சையாக மாறும் அந்த முகவைதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவள், இங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி? அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே, இது தன் ஒரு மதிப்பெண்ணுக்காகத் தேடும் சமாதானமோ என்றும் தோன்றியது.

ஐந்தாம் நாள், முத்துமாரியிடம் மறைத்துச் செய்வது சரியில்லை என்று முடிவு செய்து போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "போடட்டுமா மாரி? நீ வேணாம்னு சொன்னா விட்டுடறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் பள்ளி மணி அடிப்பது கேட்டது. பிறகு முத்துமாரி சொன்னாள்:

"எனக்குப் பச்சைன்னு தெரியும்க்கா. நீங்க வீடியோ காட்டினீங்களே. ஹால்ல அதேதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா கேள்வி எடுத்தவரு கைடைப் பாத்துதான் எடுத்திருப்பாருன்னு தோணுச்சு. அவரு இன்னா நினைப்பாரோ அதைப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

"மாரி..."

"போடுங்கக்கா. நீங்க போடலன்னாலும் வேற யாராச்சும் போடுவாங்க. கிளாஸுக்கு டைம் ஆச்சு, வச்சிர்றேன்."

அன்று மத்தியானமே ஷஹீன் பாடநூல் பக்கத்தை ஸ்கேன் செய்து பதிவேற்றினாள்.

இறுதி விடைக்குறிப்பில் எண்பத்து மூன்றுக்குப் பச்சை என்று இருந்தது. எத்தனை பேர் ஆட்சேபித்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஷஹீனுக்கு நூற்றிரண்டு, முத்துமாரிக்குத் தொண்ணூற்றேழு. ஒரு மாதத்தில் பட்டியல் வந்தபோது ஷஹீனின் பெயர் இருந்தது. அவள் பிரிவில் கடைசியாகத் தேர்வானவருக்குத் தொண்ணூற்றாறு. முத்துமாரியின் பிரிவில் கடைசி மதிப்பெண் நூறு.

ஷஹீன் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆட்சேபம் போடாமலே இருந்திருந்தாலும் தனக்கு வேலை கிடைத்திருக்கும். முத்துமாரிக்குக் கிடைத்திருக்காது. அந்த ஒரு மதிப்பெண்ணால் இரண்டு பேருக்கும் எதுவும் மாறவில்லை. அப்படியானால் மனம் லேசாக வேண்டும். ஆகவில்லை. முத்துமாரி வாழ்த்துச் சொல்லி ஒரு வரி அனுப்பினாள். அதற்கப்புறம் ஏழு வாரம் ஒரு பேச்சும் இல்லை. ஷஹீன் இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது. குடியாத்தத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்குப் பணி ஆணை வந்தது. சேர்வதற்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் ஆய்வகத்தில் கடைசிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் ஆம்பூர் பஸ் ஏறினாள். நான்கரை மணிக்கு முத்துமாரியின் பள்ளி வாசலில் போய் நின்றாள்.

பிள்ளைகள் எல்லாம் போன பிறகு முத்துமாரி வந்தாள். சாக்பீஸ் தூள் படிந்த கை. இவளைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தயங்கியது. பிறகு வந்து, "எந்த ஸ்கூல்க்கா போட்டாங்க?" என்றாள்.

சொன்னாள். இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். லெதர் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போயின. கொஞ்ச தூரம் போனதும் ஷஹீன் கேட்டாள்.

"என் மேல கோவமா மாரி?"

"இல்லன்னு சொன்னா பொய்யா இருக்கும்."

"நான் ஆப்ஜெக்‌ஷன் போட்டிருக்கக் கூடாதா?"

"அதுக்கு இல்லக்கா." முத்துமாரி நின்றாள். "நீங்க போட்டது சரி. நான் மட்டும் பச்சை போட்டு ஆன்சர் கீ தப்பா வந்திருந்தா நானும்தான் போட்டிருப்பேன். ஆனா போடட்டுமான்னு என்கிட்ட கேட்டீங்க பாருங்க. அதான். வேணாம்னு நான் சொல்ல முடியுமா? சரின்னு சொன்னதுக்கப்புறம் கோவப்படவும் முடியல. எனக்குன்னு இருந்தது அந்தக் கோவம் ஒண்ணுதான், அதையும் நீங்க வாங்கினு போய்ட்டீங்க."

ஷஹீன் நின்ற இடத்திலேயே நின்றாள். ஐந்தாம் நாள் தான் செய்த அந்தப் போன் காலைத்தான் இந்த விஷயத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று இத்தனை வாரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாரம் தன் தோளில் இருந்தது. அதைத் தூக்கி இந்தப் பெண்ணின் தோளில் வைத்துவிட்டு, தான் நேர்மையாக இருப்பதாக நம்பியிருக்கிறாள்.

"அது எனக்குத் தோணவே இல்ல மாரி" என்றாள். "தப்புதான்."

முத்துமாரி துப்பட்டாவால் கையிலிருந்த தூளைத் துடைத்துக்கொண்டாள். "என் பேர்லயும்தான் எனக்குக் கோவம்" என்றாள். "அவரு இன்னா நினைப்பாரு, இவரு இன்னா நினைப்பாருன்னே மூணு எக்ஸாம் எழுதிட்டேன்."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"ஒரு இடம் வந்துச்சு. மாப்ள வேலூர்ல லேப் டெக்னீசியன். பொண்ணு பாக்க வந்தப்ப நானே கேட்டுட்டேன், அடுத்த தடவையும் எழுதுவேன், பரவால்லயான்னு. அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. மாப்ளதான் எழுதட்டுமேன்னாரு. பாக்கலாம், இன்னும் பேசி முடிக்கல."

ஷஹீன் சிரித்தாள். முத்துமாரியும் சிரித்தாள், பழைய மாதிரி முழுதாக இல்லை.

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. வேலூர் பஸ் தூரத்தில் தெரிந்தது. முத்துமாரி கேட்டாள், "எலெக்ட்ரோ கெமிஸ்ட்ரி இன்னும் எனக்கு வரலக்கா. கூப்ட்டா சொல்லித் தருவீங்களா? ஸ்கூல் சேந்துட்டா டைம் இருக்குமா?"

"கூப்பிடு" என்றாள் ஷஹீன். அதற்கு மேல் எதையாவது சொன்னால் அது மறுபடியும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதாகிவிடும் என்று தோன்ற, பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளியில் சேர்ந்தாள். பதினொன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். ஆய்வகத்தின் பூட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளே கழுவாத சோதனைக் குழாய்கள் ஒரு தொட்டி நிறைய. அவற்றைக் கழுவியதிலேயே முதல் வாரம் போயிற்று. முத்துமாரி கூப்பிடவில்லை. இரண்டாவது வாரம் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் ஒரு கணக்கு, விடை வரவில்லை என்றாள். ஷஹீன் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.