வாத்துக்குக் கழித்த நிலம்

எங்கள் ஊருக்கு நெடுஞ்சாலை வந்ததைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். சாலை மேல் எனக்குக் கோபம் இல்லை. கெய்ரோ ஆஸ்பத்திரிக்குப் போக முன்பு பாதி நாள் ஆகும், இப்போது அப்படி இல்லை. சாலை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் காட்டிய முகம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் பக்கத்து வீட்டு ரத்தீபாவின் கதையைச் சொன்னால் அந்த முகம் முழுதாகத் தெரிந்துவிடும்.

ரத்தீபாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். புருஷன் செங்கல் சூளையில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கப் புகையோடு செத்துப் போனான். ஒரே மகன் சாபிர். மொட்டை மாடியில் வாத்து வளர்த்து, முட்டையும் வெண்ணெயும் ஷிபீன் சந்தையில் விற்று அவனை ஆளாக்கினாள். யாரிடமும் கைநீட்டியதில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் அவளுக்குப் பெரிய கர்வம் உண்டு. அது அவள் தம்பி ஷஹாத்தா கொண்டுவரும் சீர்.

அவர்கள் அப்பா விட்டுப் போனது பதினெட்டுக் கீராத்து, அதாவது முக்கால் ஏக்கர் அளவு நிலம். மார்க்கப்படி அதில் ஆறு ரத்தீபாவுக்கு. எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் அதைப் பிரித்துக் கேட்பதில்லை. நிலம் தம்பி கையில் இருக்கும், அவன் உழுது சாப்பிடுவான். பதிலுக்கு இரண்டு பெருநாளுக்கும், ரஜப் மாதத்துக்கும், ஆஷூராவுக்கும் அக்கா வீட்டு வாசலுக்குக் கூடையோடு வருவான். உயிரோடு இரண்டு வாத்து, அரிசி, சர்க்கரை, நெய். கூடையை மூடக்கூடாது. தெரு பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது என்று மாமியார் வீடு தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தீபாவின் மாடியில் இருபது வாத்து திரியும். ஆனாலும் சீர் நாளில் தன் வாத்து ஒன்றைக்கூட அறுக்க மாட்டாள். தம்பி கொண்டுவந்ததைத்தான் அறுப்பாள். "உன் வாத்து இதைவிடக் கொழுகொழுன்னு இருக்கே" என்று நான் சீண்டுவேன். "போடி, இது என் தம்பி வாத்து. இதோட ருசி உனக்கு எங்க தெரியப்போகுது, உனக்குத்தான் தம்பியே இல்லையே" என்பாள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் வரும் அன்று பத்துத் தடவை வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள்.

அந்த ஷஹாத்தாவை எனக்கு எப்போதுமே பிடிக்காது. சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, பேசிக்கொண்டே பல்லைக் குத்துவான். இன்னொரு கையில் ஜபமாலை உருண்டுகொண்டிருக்கும்.

ஒருநாள் அளவைக்காரர்கள் வந்து வயல் நடுவே சிவப்புச் சாயம் பூசிய கம்பு நட்டுப் போனார்கள். அவ்வளவுதான், ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முடி வெட்டுகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், குழாய் ரிப்பேர்க்காரன் எல்லோரும் நிலத் தரகர்கள் ஆகிவிட்டார்கள். அதுவரை கீராத்து என்று பேசிய நிலத்தை, துணிக்கடையில் பேசுவதுபோல் மீட்டர் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். விளைநிலத்தில் கட்டடம் கட்டத் தடை. அதனால் பெருநாள் விடுமுறையில் அதிகாரிகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வயலைக் கட்டட மனை என்று காட்டி விலை ஏற்ற, பச்சைக் கோதுமையை மிதித்து அதன் நடுவில் கான்கிரீட் தூண் நட்டார்கள். கூரை இல்லை, சுவர் இல்லை, வெறும் தூண். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத, சாலையோரம் நிலம் வைத்திருந்த, நினைவு தப்பிய பெரியப்பாவின் கையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். அந்தக் கிழவர் உதட்டில் வழிந்ததைத் தன் அங்கி நுனியால் துடைத்துவிட்ட ஒருவனை நானே பார்த்தேன். சொந்த அப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பக்கத்தில் போகாதவன் அவன்.

ஷஹாத்தாவின் நிலம் சாலையை ஒட்டினாற்போல் அமைந்தது. மாட்டை விற்று அவனும் பதினொரு தூண் நட்டான்.

சாபிருக்கு அப்போது பெண் பேசி முடித்திருந்தார்கள். வீடு காட்டாமல் பெண் வீட்டார் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாட்டார்கள். அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, உன் ஆறு கீராத்து இப்ப தங்கம். மாமாகிட்ட கேளு."

"எந்த வாயால கேக்கறதுடா? அவன் வாத்தைத் தின்ன வாயாலயா?"

"நாலு வாத்தைக் குடுத்துட்டு நிலத்தை அவரு தின்னுட்டிருக்காரே, அது உனக்குத் தெரியலையா?"

"நிலம் போனா போகட்டும். தம்பி போனா நான் எங்கடா போவேன்?"

அவள் கேட்கவே இல்லை. சாபிர்தான் அவளுக்குத் தெரியாமல் போய்க் கேட்டான். ஷஹாத்தா அவனை அணைத்துக்கொண்டு, "உன் பங்குதானே மருமகனே, பெரியவங்களை வச்சுப் பேசிக்கலாம்" என்றானாம். இந்தப் பயல் சந்தோஷமாக வந்து அதை அம்மாவிடம் சொன்னான்.

பெரியவர் என்றால் ஹாஜி துல்பா. சூளைக்கு முதலாளி. இரண்டு தடவை மக்காவுக்குப் போய்வந்தவர். சிவப்புக் கம்பு விழுந்த வாரமே ஷஹாத்தாவின் வயலுக்குப் பக்கத்து வயலை அவர் வளைத்துப் போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாக விற்றால் விலை இன்னும் ஏறும். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் பஞ்சாயத்து கூடியது.

ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ரத்தீபாவும் நானும் திரைக்கு இந்தப் பக்கம், அடுக்களையில். எல்லாம் கேட்டது.

ஷஹாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஹாஜி, நான் அக்கா சொத்தைத் தின்னவன் இல்ல. இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு நாலு தடவை வாத்து, அரிசி, சக்கரை, நெய். சும்மாவா கொண்டுபோய்க் கொட்டினேன்? நிலத்துக்குத் தவணை கட்டினேன்."

கூடத்தில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. ஒருவன்கூடத் துப்பவில்லை. அதற்குப் பதிலாக முடி வெட்டுகிறவன், "இன்னிக்கு ஒரு வாத்து என்ன விலை விக்குது தெரியுமா?" என்று ஆரம்பித்தான். கணக்குப் போட்டார்கள். வாத்துக்கு இன்றைய சந்தை விலை. நிலத்துக்கு இவர்கள் அப்பா செத்த வருஷத்து விலை. நாக்கூசாமல் அப்படித்தான் போட்டார்கள்.

ரத்தீபா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "தவணையா?" என்று என்னைக் கேட்டாள். "அது தவணையாடி?" அவ்வளவுதான் கேட்டாள்.

ஹாஜி துல்பா தீர்ப்புச் சொன்னார். "மூணு கீராத்து சீருக்குக் கழிஞ்சது. மீதி மூணு அக்காவுக்கு. வடிகால் ஓரமா வாங்கிக்கட்டும். பொம்பளைக்குச் சாலைப் பக்கம் எதுக்கு?"

வடிகால் ஓரம் என்பது அந்த வயலின் கடைக்கோடி, ஊர்க் கழிவு முழுதும் போகும் சாக்கடைக் கரை. செத்த கழுதையை இழுத்துக்கொண்டுபோய்ப் போடும் இடம். சாபிர் அரைக் கணம் தயங்கினான். பிறகு, கிடைத்தவரைக்கும் ஆதாயம் என்று நினைத்திருப்பான், "சரி மாமா" என்றான். பேச்சை உறுதிசெய்ய எல்லோரும் கையை விரித்து ஃபாத்திஹா ஓதினார்கள். இத்தனை நேரம் வாத்துக்கு விலை பேசிய அதே நாக்குகளால் இறைவசனம். திரையை விலக்கிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ரத்தீபா விடவில்லை.

"வேணாம். நாளைக்கு அவன் என் வாசலுக்கு வரணும்" என்றாள்.

அவன் வரவில்லை. நோன்புப் பெருநாள் போனது, ஹஜ்ஜுப் பெருநாள் போனது, ஆஷூரா போனது. ஒவ்வொரு தடவையும் இவள் வாசலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். மாடியில் வாத்துகள் கத்திக்கொண்டிருக்கும். இவள் தன் வாத்தை அறுக்காமல் வெறும் கஞ்சியும் வெங்காயமும் சாப்பிடுவாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம், மாடு கன்னு பாத்துட்டு வர நேரமாகும்" என்பாள். மாடு விற்று எத்தனை காலம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

சாலை வந்து முடிந்தது. அப்போதுதான் எங்கள் ஊர் அறிவாளிகளின் வாய் அடைத்தது. சாலை என்றால் இவர்களுக்குத் தெரிந்தது எங்கள் வாய்க்கால் கரைச் சாலை. நினைத்த இடத்தில் வண்டி நிற்கும், ஓரத்தில் தர்பூசணி விற்கலாம், டீக்கடை போடலாம். அதனால் சாலையை ஒட்டின நிலம் எல்லாம் கடைத்தெரு ஆகிவிடும் என்று அடித்துக்கொண்டார்கள். வந்த சாலையோ மூன்று ஆள் உயர மண்மேடு, அதன் மேல் கான்கிரீட் மதில். எந்த வண்டியும் நிற்காது. ஷஹாத்தாவின் வயலிலிருந்து பார்த்தால் மதில்தான் தெரியும். இரவெல்லாம் லாரிச் சத்தம், பகலெல்லாம் தூசி. அவன் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வண்டிப் பாதையையும் மண்மேடு விழுங்கிவிட்டது.

மேட்டுக்கு அடியில் ஒரே ஓர் இடத்தில் சுரங்கப் பாதை விட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால்தான் சாலையில் ஏறும் வழி. அந்தச் சுரங்கப் பாதை திறந்தது வடிகால் ஓரத்தில். ரத்தீபாவின் மூன்று கீராத்து நிலத்தின் வாயில்.

கெய்ரோவிலிருந்து பெட்ரோல் பங்கு வைக்க இடம் தேடி வந்தவன் ஷஹாத்தாவின் தூண்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வழி இருந்தா வாங்கிக்கறேன். வழியில்லாத நிலத்துல வானத்துலேருந்தா வண்டி இறங்கும்?" என்று காரில் ஏறிவிட்டானாம். ஹாஜி துல்பாவின் வயலுக்கும் அதே கதி.

தரகர்களுக்கு மூக்கு வேர்த்தது. ரத்தீபாவின் வாசலில் செருப்புகள் குவிந்தன. அன்று வாத்துக்கு விலை கட்டிய முடி வெட்டுகிறவன்கூட வந்து, "அக்கா, நான் அன்னிக்கே உங்க பக்கம்தான் பேசலாம்னு இருந்தேன்" என்று பல்லைக் காட்டினான். இவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். "என் தம்பியைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "உனக்கு மானம் இல்லையாடி?" என்று கத்தினேன்.

"இருக்கு. அதான் அவன் வரட்டும்னு பாக்கறேன்" என்றாள்.

ரஜப் சீர் நாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். தெருவில் பிள்ளைகள் சத்தம். நிமிர்ந்தால், தலையில் கூடையோடு ஷஹாத்தா. கூடை திறந்திருந்தது. நாலு வாத்து. எப்போதும் வருவதைவிட இரண்டு மடங்கு அரிசி.

ரத்தீபா முறத்தைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். "வாடா தம்பி! வந்துட்டியாடா! இளைச்சுப் போயிட்டியே!" அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து அழுதாள். சிரித்தாள். சர்க்கரை அள்ளிப்போட்டு டீ வைத்தாள். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். இந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் டீயைக் குடித்து முடித்தான். சுண்டுவிரல் நகம் பல்லுக்குப் போனது.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். உன் நிலத்துல வடிகாலோரமா ஒரு வண்டி போற அளவு வழி விட்டியானா... அக்கா தம்பிக்குள்ள என்ன கணக்கு? அந்த பெட்ரோல்காரன் வெளியில கார்லதான் இருக்கான்."

நான் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் வெள்ளைக் கார் நின்றிருந்தது. கூடையைக் கூட அந்தக் காரில்தான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். முனையில் இறங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான்.

ரத்தீபா காரைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். கால் கட்டிய வாத்துகள் கூடையில் நெளிந்துகொண்டிருந்தன.

"தம்பி, இந்த வாத்து எத்தனை மீட்டர்?"

"என்னக்கா?"

"அன்னிக்கு இருபத்தாறு வருஷ வாத்துக்கு மூணு கீராத்து கழிச்சீங்கல்ல. அந்தக் கணக்குப்படி இந்த நாலு வாத்துக்கு எவ்வளவு வரும்? கார் சக்கரம் அகலம் வருமாடா?"

"அக்கா, அது ஏதோ அன்னிக்குப் பெரியவங்க..."

"நீ இன்னிக்கு வெறுங்கையோட வந்து வழி கேட்டிருந்தா, முழுசையும் எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேன்."

அவள் கத்தவில்லை. அடுப்புப் பக்கம் கிடந்த துணியை எடுத்துக் கூடையை மூடினாள். நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள். எங்கள் தெருவில் சீர்க் கூடையை மூடி நான் பார்த்தது அன்றுதான். அதைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, "வெயில் ஏறுது, கிளம்பு" என்றாள். ஷஹாத்தா மூடிய கூடையோடு தெருவைக் கடந்துபோனான். ஊரே பார்த்தது.

அந்த நிலத்தில் சாபிர் பிற்பாடு இரண்டு அறை கட்டிக்கொண்டான். வாசலில் லாரிக்காரர்களுக்கு டீ போடுகிறான். பின்னால் ஷஹாத்தாவின் பதினொரு தூணும் துருப்பிடித்த கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஹாஜி துல்பா வழிக்காக எத்தனையோ தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

அன்று தம்பி போனதும் ரத்தீபா விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். இருப்பதிலேயே பெரிய வாத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாபிர் அறுத்தான், நான் இறகு பிடுங்கினேன். சீர் நாளில் அவள் தன் வாத்தைச் சமைத்தது அதுதான் முதல் தடவை. தட்டில் போட்டு முதல் துண்டை எனக்குக் கொடுத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன். உப்பே இல்லை. அவள் போட மறந்திருந்தாள்.