நானே போட்ட டிக்

விருப்ப ஓய்வு கேட்டு நான் எழுதிய கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சிவப்பு டிக் இருந்தது. அதன்கீழ் தேதி. இரண்டையும் போட்டது நான்தான். ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திய கையோடு எழுதிய கடிதம். கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டிருந்தது. அதுகூடத் தெரியாமல் கொண்டுபோய் நீட்டினேன். எங்கள் தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னா டீச்சர், நீங்களே திருத்தி டிக்கும் போட்டுட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க குந்திக்கினு கீறேன்?"

பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

உத்திரமேரூருக்கு அருகே, ஏரியை ஒட்டிய சின்னப் பள்ளி எங்களுடையது. தலைமையாசிரியை சாலவாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்குப் பிள்ளைகள் மேல் சலிப்பே கிடையாது. பாடத்துக்கு நடுவே போனில் கல்வித்துறைச் செயலியில் வருகைப் பதிவு, உயரம், எடை, செருப்பு அளவு என்று ஏற்றிக்கொண்டே இருந்ததில்தான் ஓய்ந்துபோனேன். முந்தைய நாள் ஒரு சிறுமி, "டீச்சர், எனக்குப் படிக்க வந்துட்ச்சி!" என்று புத்தகத்தோடு ஓடிவந்தாள். போனிலிருந்து தலையைத் தூக்காமல் "அப்புறம்" என்றேன். அவள் திரும்பிப் போனதைப் பார்த்த பிறகு, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"ஒரு மாசம் இந்த லெட்டரு என் பீரோவுல கெடக்கட்டும். அப்பவும் வேணும்னா நானே ஆபீசுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றார் தலைமையாசிரியை.

மறுநாளிலிருந்து செயலி வேலை முழுவதும் அவர் கைக்குப் போனது. ஒரு நாளைக்குப் பத்து நோட்டுக்கு மேல் திருத்தக் கூடாது என்றார். சாப்பாட்டு நேரத்தில் நோட்டைத் தொட்டால் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அந்தச் சிறுமியை அழைத்து ஒரு பக்கம் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மாதம் முடிந்து அவர் கடிதத்தை எடுத்துக் காட்டியபோது, நான் அதை மறந்தே போயிருந்தேன். கிழித்துப் போட்டோம்.

நான் இறக்கி வைத்ததெல்லாம் யார் தலையில் ஏறியது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மற்ற ஆசிரியர்கள் மூவரும் தங்கள் செயலி வேலையையும் அவரிடமே தள்ளிவிட்டிருந்தார்கள். ஒருநாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தார். பிறகு அவரே விருப்ப ஓய்வுக்கு எழுதி, அனுப்புமுன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

இப்போது பொறுப்புத் தலைமையாசிரியை நான். செயலி வேலையை நான்கு பேரும் வாரத்துக்கு ஒருவராகப் பார்க்கிறோம். ஒருவர் முகம் வாடினால் மற்றவர் அவர் வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். பெரிய வித்தையெல்லாம் இல்லை. அவர் பள்ளியில் இருந்தபோதே செய்திருக்கலாம், செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். அவர் கணவர் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தூங்கிக்கினு கீதும்மா. பகல்ல அது தூங்கி நான் பார்த்ததே இல்ல. எழுப்பட்டா?"

"வேணாண்ணா" என்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, அவராக எழுந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.