ஹோம் ஒர்க் எங்கேடா?

இங்கிலீஷ் வாத்தியார் வேலை என்பது, எந்த வீட்டிலும் பேசாத ஒரு பாஷையை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அது வரவில்லையே என்று கோபப்படுகிற வேலை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வாத்தியாராக இருந்து தொண்டை வற்றியிருப்பீர்கள். மீதிப் பேர் வாத்தியாரிடம் சிக்கிக்கொண்டு தொண்டை வற்றியிருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் என் அனுதாபம் உண்டு. நான் திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் சேர்ந்தது யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால். யுத்தம் முடிந்தும் அங்கேயேதான் இருந்தேன். நடுவில் நடந்ததில் மறக்க முடியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சட்டம் போட்ட வாரம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டணத்தில் வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு, கஞ்சி போட்ட கோட்டும் புதுச் சாக்குக்கட்டியுமாக நாலாவது ஃபாரம் வகுப்புக்குள் நுழைந்தேன். நுழைந்த கையோடு போர்டில் சட்டங்களை எழுதினேன். முதல் மணி அடிப்பதற்குள் ஹோம் ஒர்க் மேஜைக்கு வந்துவிட வேண்டும். தினமும் ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி. சாக்குப்போக்குக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் வகுப்பில் இங்கிலீஷைத் தவிர வேறு பாஷையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பையன்கள் பயபக்தியோடு அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். ஒருவனும் பேசவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், கூரையைப் பார்ப்பான், உட்கார்ந்துகொள்வான். மை கொட்டினால் ஜாடை, வெளியே போக வேண்டுமென்றால் ஜாடை. ஒரு பையனைத் தேள் கொட்டிவிட்டது. அவன் கண்ணில் நீர் கொட்டக் காலைத் தூக்கிக் காட்டினானே தவிர, சத்தம் போடவில்லை. நான் பதறிப்போய்த் தமிழில் கத்தி, ஆள் அனுப்பி, வைத்தியரை வரவழைத்தேன். நல்லவேளையாக, பையன் மறுநாளே எழுந்து நடந்தான். சட்டத்தை அழித்துவிடலாம் என்று துணியைக் கையில் எடுத்த சமயம், ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த ஸ்கூல்லயே இவ்வளவு ஒழுங்கான கிளாஸை நான் பார்த்ததில்ல. அப்படி என்ன சொல்லிக் கொடுக்கறீங்க, சார்?"

நடுங்கும் கையெழுத்து

ஐந்தாவது ஃபாரத்தில் சில பையன்களுக்கு மட்டும் ஹோம் ஒர்க் எழுத்து ஒரே மாதிரி நடுங்கும். வகுப்பில் எழுதினால் நடுங்காது. சத்துக் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "காலையில் கேப்பைக் கூழ் வயிறு நிறையக் குடித்துவிட்டு வாருங்கள்" என்று புத்திமதிகூடச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

என் மாமனார் வீடு விழுப்புரத்தில். ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து பாசஞ்சரில் திரும்பினேன். முண்டியம்பாக்கத்தில் இரண்டு மூன்று பேர் ஏறினார்கள். விக்கிரவாண்டியில் இன்னும் சிலர். எல்லோரும் என் பையன்கள். நான் மூலையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. ஏறினதும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து, நோட்டுகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்கள். கண்ணப்பன் என்று ஒருவன், வகுப்பில் கெட்டிக்காரன், நடுவில் நின்றபடி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். வண்டி குலுங்கக் குலுங்க எல்லோரும் எழுதினார்கள். அவன் தப்பாகச் சொன்னதையும் ஒருவர் விடாமல் எழுதினார்கள்.

மயிலம் தாண்டியதும் பத்திரிகையை இறக்கினேன். நோட்டுகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. கண்ணப்பன் மட்டும் பயப்படாமல், ஜன்னலோரத்துப் பையனை எழுப்பிவிட்டு எனக்கு இடம் செய்து கொடுத்தான். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னான்:

"பேரணி ஸ்டேஷன்ல வண்டி கொஞ்ச நேரம் நின்னா எழுத்து நல்லா வரும் சார். இன்னிக்கி ஜல்தியா எடுத்துட்டான்."

அறுவடைக் காலம்

மார்கழி, தை வந்தால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம். ஏழுமலை என்கிற பையன் பத்து நாளைக்கு ஒருமுறை தலைகாட்டுவான். வரும்போது விரல் இடுக்கெல்லாம் செம்மண். ஹோம் ஒர்க் எங்கேடா என்றால் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். கணக்கில் அவனை அசைக்க முடியாது. இங்கிலீஷில்தான் கரையேற மாட்டான் போலிருந்தது. இப்படியே போனால் மேல் ஃபாரத்துக்கு அனுப்ப மாட்டார்கள். படிப்பு அதோடு நின்றுவிடும். அவனுடைய அப்பாவை அழைத்துவரச் சொன்னேன்.

அவர் நிலத்திலிருந்து நேராக வந்துவிட்டார். இடுப்பில் துண்டு, தலையில் மல்லாட்டைச் செடியின் இலைத் துணுக்கு. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. "ஏழுமலை நல்ல பையன். ஆனால் ஹோம் ஒர்க் செய்வதே இல்லை" என்று ஆரம்பித்தேன்.

"அப்டின்னா இன்னாங்க சார்?"

எனக்கு அலுப்பு. விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. "ஹோம்னா வீடு. ஒர்க்னா வேலை. வீட்டு வேலை" என்றேன்.

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பயம் விலகியது. ஏதோ பெரிய குற்றத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

"அதத்தான சார் ராவும் பகலும் செஞ்சிக்கினு கீறான்! அதுல எங்க புள்ளய யாரும் ஒரு கொற சொல்ல முடியாதுங்க."

ஆரோக்கியசாமியின் கட்டுரை

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குக் கார்டு வந்தது, காகிதத்துக்குப் பஞ்சம் வந்தது. என் ஹோம் ஒர்க் சட்டத்தில் மட்டும் மாற்றமில்லை. ஆறாவது ஃபாரத்தில் ஆரோக்கியசாமி என்று ஒரு பையன். மயிலம் பக்கத்துச் சேரியிலிருந்து வருவான். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போகிறவர்கள். ஃபீஸில் பாதி கட்டினால் போதும் என்கிற அரைச் சம்பளச் சலுகையில்தான் படித்தான். அந்தச் சலுகை போனால் அவனும் போய்விடுவான். அவன் நோட்டு எப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

ஒருநாள் பிடித்து வைத்துக் கேட்டேன். "வெளக்கு இல்ல சார். சோறு துன்றப்ப கொளுத்துவாங்க, உடனே நிறுத்திடுவாங்க. ஆனா நான் பண்ணிட்டேன் சார்" என்றான். எங்கே என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முந்தின நாள் கொடுத்த கட்டுரையை ஆரம்பம் முதல் முடிவு வரை இங்கிலீஷில் ஒப்பித்தான். புத்தகத்தில் இருப்பது அல்ல. அவர்கள் ஊர் ஏரி, அது நிரம்பின வருஷம், கரை உடையாமல் ஜனங்கள் மண் சுமந்தது என்று அவனே நடந்து வருகிற வழியில் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வெகு நாளைக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்து ஒன்றைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதிலிருந்து அவனுக்கு வாயால் சொல்வதே ஹோம் ஒர்க் என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி, கையில் திறந்த பேனா. நோட்டு நோட்டாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், ஆரோக்கியசாமியின் நோட்டில் நின்றுவிட்டார். "இவனுக்கா சலுகை கொடுத்திருக்கிறீர்கள்?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, உள்ளதைச் சொல்லி, பையனை ஒப்பிக்கச் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஏரி வந்தது, தண்ணீர் வந்தது, மண் சுமந்தவர்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுவில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. சலுகை என்னாயிற்று என்று கவலைப்படாதீர்கள். என் காகிதத்தைக் கொடுத்து மத்தியானம் அங்கேயே எழுத வைத்துக் காட்டியதில் சலுகை தப்பியது, பையனும் அந்த வருஷமே பாஸ் செய்தான். ஆனால் கட்டுரை முடிந்த அந்த நிமிஷத்தில், வெள்ளை நோட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டு அந்த மனுஷர் கேட்டது இதுதான்:

"ரொம்ப நல்லாருக்கு, மிஸ்டர். ஆனா நான் எங்க கையெழுத்துப் போடறது?"

ஹேஸும் ஹேவும்

கோவிந்தனுக்கு 'ஹேஸ்' எங்கே, 'ஹேவ்' எங்கே என்பது கடைசி வரையில் பிடிபடவில்லை. விதம் விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ பக்கம் எழுத வைத்தேன். இங்கிலீஷில் தவறி, ஐந்தாவது ஃபாரத்திலேயே நின்றுபோனான். பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்துவிட்டான் என்று பையன்கள் சொன்னார்கள். அவனுடைய அம்மா சந்தையில் கீரை விற்பவள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தச் சந்தைத் தெருவழியே போவதை நான் விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஒருநாள் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்காகக் காத்திருந்தேன். காக்கி உடுப்புப் போட்ட ஒருவன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "அடையாளம் தெரிலீங்களா சார்? கோவிந்தன் சார். ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன்" என்றான். பர்மா எல்லையில் காலில் குண்டு பட்டதாம். தன் ஆட்களை விட்டுப் பிரிந்து, வெள்ளைக்காரர்களும் வடக்கத்திக்காரர்களுமாக இருந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கிடந்தானாம். தமிழ் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. ஜுரம், தாகம். தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் பேசினானாம்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சரியாகப் பேசினாயா?" என்று கேட்டுவிட்டேன். வாத்தியார் வாய், வேறென்ன வரும்? அவன் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"அங்க யாரும் ஹேஸ், ஹேவ் பாக்கல சார். தண்ணி கேட்டேன், குடுத்தாங்க."

கொடியேற்றியதற்கு மறுநாள்

சுதந்திரம் வந்தது. மைதானத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்தோம். எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் வகுப்புக்குப் போய் ஹோம் ஒர்க் கேட்டால், ஒரு நோட்டும் வரவில்லை. முன்பெஞ்சுப் பையன் எழுந்து, "சுதந்திரம் வந்துட்டதே சார், இன்னமும் இங்கிலீஷ் இருக்கா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே நம்பியிருக்கிறான். வகுப்பு முழுவதும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. பரீட்சையில் இங்கிலீஷ் இருக்கிறவரையில் ஹோம் ஒர்க்கும் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகம் வாடியதைப் பார்க்கப் பிடிக்காமல் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னாலிருந்து சமாதானம் வந்தது. கோட்டக்குப்பத்துப் பையன் இப்ராஹிம், திண்டிவனத்தில் மாமா கடையில் தங்கிப் படிக்கிறவன், முன்பெஞ்சுக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"பேஜாரு பண்ணாம குந்துடா. எங்க ஊரு எல்லையத் தாண்டினா பாண்டிச்சேரி, அங்க பிரெஞ்சுக்காரன் இன்னும் போவல. என் மச்சான் பிரெஞ்சுல ஹோம் ஒர்க் எழுதிக்கினு அழுவுறான், அதுக்கு இது தேவல."

ஆக, வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் விட்டுப்போன வினைச்சொற்களைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டு நான்தான் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.