பின்பக்கம் இறங்கிய வேன்

காலையில் கேட்டைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வேனின் பின்பக்கம் தரையோடு குந்தியிருந்தது. சர்க்கரை வியாதியில் மனைவியின் இடது காலை எடுத்த பிறகு, சக்கர நாற்காலியோடு அவளை ஏற்றுவதற்காக வாங்கிய பழைய வேன் அது. பின்சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். வாரம் மூன்று முறை ஸ்கூடாய் டவுனில் உள்ள சென்டரில் அவளுக்கு டயாலிசிஸ், அன்றைக்கும் இருந்தது. ஒருமுறை தவறினாலும் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாவியைத் திருப்பினேன். கம்ப்ரசர் உறுமிக்கொண்டு வண்டியைத் தூக்கியது. நிறுத்தியதும் மெல்ல இறங்கியது. இப்படியே ஓட்டினால் கம்ப்ரசர் எரிந்துபோகும், அவளோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். போனில் கூப்பிடும் கார்க்காரர்களோ நாற்காலியைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிடுவார்கள்.

"என்னங்க, போலாமா?" வாசலில் தயாராக இருந்தாள்.

"சின்ன லீக்தான். நீ ஏன் பதறுற?" என்று எரிந்து விழுந்தேன். பதறியது நான்தான்.

ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பைகளின் மேல் அடித்தேன்; காற்று கசியும் இடத்தில் நுரைக்கும். பைகளின் மடிப்பில் ஒன்றுமில்லை. வால்வில் குழாய் சொருகும் இடத்தில் அடித்ததும் நுரை பொங்கியது. காற்றை இறக்கிவிட்டுக் குழாயை உருவினால் முனையில் கீறல். பிளேடால் நேராக நறுக்கி, அழுத்திச் சொருகி, காற்றேற்றி மறுபடியும் சோப்புத் தண்ணீர் அடித்தேன். நுரை வரவில்லை. என் கையை நானே நம்பாமல் இன்னொரு தடவையும் அடித்தேன்.

வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கதவைத் திறந்து பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டவும் செய்தேன். வண்டி இறங்கவில்லை.

சென்டரில் எடை பார்த்த நர்ஸ் சிரித்தாள். "அக்கா, இந்த தடவ எடை ஏறவே இல்லையே! ரொம்ப கட்டுப்பாடு லா."

மனைவியின் உதடு வறண்டு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"கட்டுப்பாடெல்லாம் இல்லம்மா," என்றாள். "நேத்து சாயங்காலமே வண்டி பின்னால எறங்கியிருச்சு. இவர்கிட்ட சொன்னா தூங்க மாட்டாரு. இன்னைக்கு வர முடியாம போச்சுன்னா என்ன பண்றதுன்னு நேத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல."

"கொஞ்சம் தண்ணி குடுக்கலாமா, மிஸி?" என்று நர்ஸிடம் கேட்டேன்.