பஸ்ஸில் துடைத்த பொட்டு

மகளுக்கு நடை வருவதற்கு முன்பே அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. தொடங்கிய நாள் எனக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் மழையில் நனைந்த வெசாக் காகித விளக்குக் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. இல்லை, புதன். செவ்வாயன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருந்தது, வீடு திரும்பத் தாமதமாயிற்று. இப்படி நாள் கிழமையோடு எதையும் நினைவு வைத்துக்கொள்வது என் பழக்கம். மனைவிக்கு அது பிடிக்காது. "நடந்ததை மறக்கவே விடமாட்டீங்க" என்பாள்.

அப்போது நாங்கள் புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். மனைவி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை மூடிப் பல காலம் ஆகிவிட்டதால், நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. காலையில் இடுப்பில் வாங்கினால் நாங்கள் திரும்பி வரும்போதுதான் இறக்குவார். தன் பிள்ளைகளுக்கு வைப்பதற்கு முன் எங்கள் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார்.

ஆகவே மகளுக்கு வந்த சொற்கள் எல்லாம் அந்த வீட்டிலிருந்தே வந்தன. தண்ணீரை 'வத்துர' என்றாள். வேண்டும் என்பதற்கு 'ஓன' என்று கையை நீட்டினாள். பூனையைக் கண்டால் 'பூஸா'. சாயங்காலம் நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொடுப்பேன். கை, கால், மூக்கு. அவள் என் மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 'நஹய' என்பாள். மனைவி சிரிப்பாள். முதல் சில வாரங்கள் நானும் சிரித்தேன்.

அந்தப் புதன்கிழமை மனைவி, கேகாலை டவுனுக்குக் குடிபோக வேண்டும் என்றாள். நல்ல சிங்களப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதலாம் வகுப்புக்கு இடம் கிடைக்க வேண்டுமானால், பல வருஷங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பக்கத்தில் குடியிருந்திருக்க வேண்டும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்காக வீடு மாறுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இப்போதே நேரம் பிந்திவிட்டது என்றாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன?" என்றேன்.

"கணக்குக்கு ஆள் வந்தாச்சா?"

"வரும்னு சொல்லியிருக்காங்க."

"நான் படிக்கிறப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. நான் படிச்சு முடிச்சு, கலியாணம் கட்டி, புள்ளையும் பெத்தாச்சு. அந்த மனுசன் இன்னும் பஸ்ஸ விட்டு எறங்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"தமிழ் வேணாம்னு நான் சொல்லல. வீட்டுல நீங்க இருக்கீங்கதானே, பெரிய வாத்தியாரு. சொல்லிக்குடுங்க. யாரு கையப் புடிச்சா?"

அவளும் நான் படிப்பிக்கும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இல்லாமலேயே பரீட்சை எழுதினாள். இன்று மருந்துப் பெட்டிகளில் இருக்கும் எழுத்தெல்லாம் கடை மேசைக்குப் பின்னால் நின்று தானாகக் கற்றுக்கொண்டது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

இரத்தினபுரிப் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டில் இது எப்படி முடிந்தது என்று பார்த்திருக்கிறேன். அண்ணன் தமிழில் கேட்பார், பிள்ளைகள் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். அவர்களுக்கு விளங்குகிறது, ஆனால் வாயில் வராது. மொழிகள் அழிந்துபோன கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒரு படை வரும், அல்லது ஒரு சட்டம் வரும். எங்கள் வீட்டுக்கு எதுவும் வரவில்லை, கணக்கு வாத்தியார்கூட வரவில்லை. என் கவலை பெரிய கவலையும் இல்லை. மகள் பெரியவளாகி என்னோடு சண்டை போடும்போது, நான் படிப்பிக்கும் மொழியில் சண்டை போடுவாளா என்பதுதான்.

மாதக்கணக்கில் இழுபட்டு, ஆகஸ்ட் மாத நிகினி போயாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். கேகாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டோடு சேர்ந்த சிறிய பகுதியை வாடகைக்கு விடுவதாக, பார்மசிக்கு வந்த யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி சாமி கும்பிட்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். மகளுக்குப் புதுச் சட்டை. கண் படாமல் இருக்கக் கன்னத்தில் மையால் பெரிய பொட்டு.

எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ்ஸில் ஏறும்போதே மொழி மாறிவிடுவார்கள். தோட்டத்துச் சந்தியில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த தமிழ், மிதிபலகையில் கால் வைத்ததும் நின்றுவிடும். யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அன்று எனக்குத்தான் மறந்துவிட்டது. கேகாலையை நெருங்கும்போது, கித்துல் ஓலையைத் தும்பிக்கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு யானை வீதியோரமாக நடந்து போனது. மகளைத் தூக்கி ஜன்னலோரம் நிறுத்தி, "அங்க பாரு குட்டி, ஆனை! ஆனை பாரு!" என்று கத்திவிட்டேன்.

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். யானையைப் பார்க்கத்தான் திரும்பினாரோ என்னவோ. மனைவி என் மேல் சாய்ந்து, அவருக்கும் கேட்கிற மாதிரி, "அலியா, பபா! அலியா பலன்ன!" என்றாள். மகள் கை தட்டி "அலியா" என்றாள்.

யானை பின்னால் போய்விட்டது. மனைவி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, போத்தல் தண்ணீரில் நுனியை நனைத்து, முதலில் தன் நெற்றியைத் துடைத்தாள். பிறகு மகளின் கன்னத்தை.

"என்ன செய்ற?"

"வீடு கேக்கப் போறோம். பாத்தவுடனே இல்லன்னு சொல்ல வைக்கணுமா?"

மை லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். மகள் வீரிட்டு அழுதாள். பொட்டு இருந்த இடம் சிவந்து, ஓரத்தில் கறுப்பு லேசாகத் தங்கிவிட்டது. இப்போது பஸ்ஸில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

அந்த வீடு டவுனுக்குப் பின்னால், ஜம்பு மரம் நின்ற ஒரு மேட்டில் இருந்தது. வாடகைப் பகுதியில் ஓர் அறையும் சமையலறையும் குளியலறையும். ஜன்னல் நல்ல பெரிது. வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கேட்டது குழந்தையைத்தான். கை நீட்டினார், மகள் தாவிப் போனாள். "வத்துர ஓன" என்றாள். அந்த அம்மா சிரித்து, தானே உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்து, ஒரு பிஸ்கட்டோடு திரும்பி வந்தார். வந்தவர் மகளின் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் மனைவியைச் சிங்களத்தில் கடிந்துகொண்டார்.

"என்ன துவ இது? இவ்வளவு அழகான பிள்ளையை ஒரு பொட்டுக்கூட வைக்காமல் தெருவில் கொண்டுவருவார்களா? கண் படாதா?"

துவ என்றால் மகளே. பெற்ற தாய் மாதிரிதான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், தன் பேரக் குழந்தையின் மைச்சிமிழைக் கொண்டுவந்து, எங்கள் மகளின் நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டை வைத்தார். நாங்கள் வைத்ததைவிடப் பெரிது. மனைவி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்குட்டை அவள் கைக்குள் சுருண்டிருந்தது.

பிறகு வேலையையும் பெயர்களையும் கேட்டார். சொன்னோம். "ஓ" என்றார். அந்த ஓவுக்குப் பிறகு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவரோ மனைவியின் கையைத் தொட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்கள் பேசுவதைக் கேட்டால் தமிழ் ஆட்கள் என்று தெரியவே இல்லையே!" என்றார். ஒரு பரிசைக் கொடுப்பது போலச் சொன்னார். மனைவியும் அப்படியே வாங்கிக்கொண்டாள். "ஸ்தூதி மிஸ்" என்று நன்றி சொன்னாள். நானும் சிரித்தேன்.

"மஹத்தயா பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பிக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"பாஷாவ" என்றேன். மொழி. எந்த மொழி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீடு எங்களுக்கு என்று முடிவாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் மகள் அந்தப் பெரிய பொட்டோடு தூங்கிவிட்டாள். மனைவி என்னைப் பார்த்து, "சும்மா கெடந்த பொட்டத் தொடச்சேனே, பாருங்க" என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் குழந்தையின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எப்படி செவந்து போச்சு" என்றாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிருவோம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"எதுக்கு? நல்ல மனுசி."

நல்ல மனுசிதான். இன்றுவரை அவர் எங்களை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. விசேஷ நாட்களில் பாற்சோறு வரும். சத்தமாகப் பேச வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரே சுவர் என்பதால் நாங்களாகவேதான் குரலைத் தணித்துக்கொண்டோம். முன்பு தமிழ், பஸ்ஸின் மிதிபலகையில் நின்றது. இப்போது எங்கள் சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தில் பேசுகிற பாஷை அது. விலைவாசி, வீட்டுச் சண்டை, அண்ணன் வீட்டுச் செய்தி எல்லாம் அங்கேதான்.

மனைவிக்கு டவுனிலேயே வேறொரு பார்மசியில் வேலை கிடைத்தது. பகலில் மகளை வீட்டுக்கார அம்மாவே வைத்துக்கொள்கிறார். நான் விடியற்காலை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய், மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துவிட்டு வருகிறேன். திரும்பும்போது மகள் பெரும்பாலும் சாப்பிட்டு, கண் சொக்கி இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு மிச்சம்.

ஐப்பசி மழை தொடங்கிய ஞாயிறு அது. மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஜம்பு மரத்தை மறைத்துக்கொண்டு மழை அடித்தது. அவளைக் கூப்பிட்டு, "மழை, குட்டி. மழை பாரு" என்றேன். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருக்கும் முகம். "மழை" என்றேன் மறுபடி. காத்திருந்தாள். இன்னொரு தடவை சொன்னேன். வேடிக்கை ஒன்றும் வராததால் என்னை விட்டுவிட்டுச் செருப்பை எடுத்து விளையாடப் போனாள். தண்ணீர் ஜன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், அவள் பார்க்காமலே போய்விடும்.

"வெஸ்ஸ" என்றேன்.

செருப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். விழுந்து எழுந்து, ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டி, "வெஸ்ஸ! வெஸ்ஸ!" என்று குதித்தாள். தூக்கிக்கொண்டேன். மழையைக் காட்டி என் முகத்தைத் திருப்பினாள், எனக்கும் தெரிந்திருக்கிறதா என்று.

"ஓவ் துவ" என்றேன். "வெஸ்ஸ."