புல்லுக்குள் போய் நின்ற விமானம்

“கடலில போட் ஓட்டுறவன்ர பெட்டை வானத்தில என்னத்த ஓட்டப் போறாள்? விழுந்து கிடக்காட்டிச் சரி.”

விமானம் ஓட்டப் படிக்க எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்த அன்று மாமி சொன்னது இது. அப்பாவின் அக்கா, முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு அடுத்த வீடு. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைப் பெருமையாகவே சொல்வேன். மாமியின் கதையை நான் கணக்கெடுக்கவில்லை.

ஆனால் போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவா சொன்னபடியே நடக்கப் பார்த்தது.

அன்று தனியாகப் பறந்தேன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். இறங்கும்போது வலது கை எப்போதும் இஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியில் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலோ, படகு அலையைத் தாண்டிக் கரைக்கு வரும்போது எல்லோரும் சிலுவை போடுவோம். சிறு வயதிலிருந்தே அப்பாவோடு போய் வந்த பழக்கம். ஓடுபாதை கிட்ட வந்ததும் என் வலது கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று தூக்கியது. சக்கரம் தரையில் மோத, விமானம் துள்ளியது. உடனே வேகத்தைக் கூட்டி மறுபடி எழும்பியிருக்க வேண்டும். கை அங்கே இல்லை. பயத்தில் விமானத்தின் மூக்கைக் கீழே அமத்தினேன். முன்சக்கரம் முறிந்தது.

விமானம் புல்லுக்குள் இழுபட்டுப் போய் நின்றது. இஞ்சினை நிறுத்தினேன். பெற்றோல் மணந்தது. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. நெருப்புப் பிடித்தால் உள்ளேயே முடிந்துபோவேன். மனப்பாடமான செபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“மாதாவே, கதவு” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். திரும்பத் தள்ளினேன். திறந்தது.

விமானம் எரியவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். திருகோணமலைக்காரரான பயிற்றுநர் ஓடி வந்தார்.

“வலது கை எங்க இருந்தது, பிள்ளை?”

“நெத்தியில, சேர். சிலுவை போட்டனான்.”

குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். “சிலுவையை இஞ்சின் போட முதல் போடு. கடவுள் கோவிக்க மாட்டார்.”

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, விமானம் உடைந்துபோனதைச் சொன்னேன்.

“உனக்கு ஒண்டுமில்லைத்தானே? பிறகேன் அழுறாய்? சாப்பிட்டியே?”

விசாரணை முடியும்வரை பறக்க விடவில்லை. ஊருக்கு வந்தேன். இனிமேல் விடவே மாட்டார்கள் என்று நினைத்து அழுவேன். தினமும் காலைப் பூசைக்குப் போனேன். மாமியும் வந்து பக்கத்தில் முழங்காலில் நின்றா.

“நீங்கள் என்ன கேக்கிறியள், மாமி?”

“உன்னைத் திரும்ப ஏத்தச் சொல்லித்தான். வீட்டில இருந்து மூக்கால அழுறதை ஆர் கேக்கிறது?”

ஒரு மாதம் கழித்துப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. முதலிலிருந்து பழகு, பிறகு தனியாகப் போகலாம் என்றார்கள். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

முன்பெல்லாம் நீட்டி முழக்கிச் செபிப்பேன். இப்போது தேவையானதைச் சொல்லிவிட்டுக் கையில் உள்ள வேலையைப் பார்க்கிறேன். கஷ்டத்தில் இருக்கும் சகோதரங்களே, சொல்ல வார்த்தை வராவிட்டால் வந்த ஒரு சொல்லை வைத்துக் கூப்பிடுங்கள். அதுவும் மாதாவுக்குக் கேட்கும். என்னுடையது கேட்டது.

போன வாரம் அதே ஓடுபாதையில் தனியாக இறங்கினேன். அனுமதிப்பத்திரச் சோதனைக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.