அம்மா சொல்லிக் கொடுத்த கேள்வி

அம்மாவின் உயிர் பிரிந்தபோது அப்பாவும் தங்கையும் நானும் டாக்டரம்மாவும் கட்டிலருகே இருந்தோம். கோலார் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் இல்லை. தந்தி கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஆண்டு ஒன்றாகியும் இதை எழுதக் கை வரவில்லை.

ஆரணியில் பிறந்த அம்மா, அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பட்டாளம் தங்கும் பெங்களூர் தண்டுப் பகுதிக்கு வந்தார்கள். வெள்ளைக்காரர் பங்களாக்களில் ஆயா வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் துரைசானிகளுக்குத் தமிழ் பேசக் கற்றுக் கொடுத்தார்கள். "உங்களுக்கு யாருகூடப் பேசணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ரோஜா வளர்த்தவருக்குத் தோட்டக்காரனை அதட்டும் தமிழ். மார்க்கெட்டுக்குப் போக ஆசைப்பட்டவருக்குப் பேரம். "அ, ஆ எல்லாம் முன்ஷி சொல்லுவாரு. எங்கிட்ட சண்டை கத்துக்கோங்க" என்பார்கள்.

பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா, முன்ஷியிடம் தமிழ் படித்துத் தேறியவர். நோயாளிகளிடம் திணறினார். "எங்கே வலி என்றால் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் வருகிறார்கள்?" என்றாராம் அம்மாவிடம்.

"நம்ம பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அத வுட்டுட்டு, கடைசியா எப்ப வயிறார சாப்ட்டீங்கன்னு கேளுங்க. அப்பறம் வாய மூட மாட்டாங்க" என்றார்கள் அம்மா. மாமியார் பக்கத்தில் நின்றால் எப்படிக் கேட்பது என்பதற்கே தனிப் பாடம் நடந்தது.

சென்ற ஆண்டு அம்மா மெலிந்தார்கள். கேட்டால், "ஒண்ணுமில்லடா, அலைச்சல்" என்பார்கள். நம்பினோம். எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டார்களா என்று யாரும் பார்க்கவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காலை குழாயடியில் விழுந்தார்கள். தங்கை ஓடி டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

"எங்கே வலி, அம்மா?"

"ஒண்ணுமில்ல, டாக்டரம்மா."

அவர் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா எப்ப வயிறார சாப்ட்டீங்க?"

அம்மா சிரிக்கப் பார்த்தார்கள். "எம் பாடத்த எனக்கேவா?" என்றார்கள். பிறகு, "ஈஸ்டருக்கு முன்னாடி" என்றார்கள். ஈஸ்டர் முடிந்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்க எனக்குத் தெரியவில்லை.

வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. அந்த வாரமே அம்மா போய்விட்டார்கள்.

கடைசிவரை உடனிருந்த டாக்டரம்மாவுக்கும், பங்குச் சாமியாருக்கும், பெட்டி சுமந்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. தெருப் பெண்கள் பலரை அம்மாவே அங்கே அனுப்பியிருக்கிறார்கள். தனக்காக ஒருமுறைகூடப் போகவில்லை. பெட்டி, குழி, மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது முப்பத்தெட்டு ரூபாய்.